பச்சைப் புள்ளியில் என் அக்கா

மரக்காணத்து உப்பளத்தில் ஒரு பெண்ணுக்கு ஒதுங்க இடம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்திதான். பாத்தியைச் சுற்றி வரப்பு, வரப்பைத் தாண்டினால் இன்னொரு பாத்தி. மறைவு என்று இருப்பது ஓடைக்கரையில் நிற்கும் வேலிக்காத்தான் புதர் ஒன்றுதான். அங்கே இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்துதான் போவோம். ஒருத்தி உட்கார, இன்னொருத்தி முந்தானையை விரித்துப் பிடித்து நிற்பாள். போய் வருவதற்குள் வெயில் ஒரு பங்கு உயிரை எடுத்துவிடும். அதனால் அளத்துக்குப் போகிற பெண்கள் எல்லோருமே காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துத்தான் குடிப்போம். யாரும் சொல்லிக் கொடுத்த பழக்கம் இல்லை.

நாங்கள் புதர்ப் பக்கம் நடக்கத் தொடங்கினால் மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாயைத் திறந்தால் வசவுதான் வரும் அவருக்கு. ஆனாலும் அந்த நேரத்தில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றுவிடுவார். அது ஒரு மரியாதை என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

என் அக்காவும் நானும் ஒரே அளத்தில்தான் வேலை செய்தோம். ஒரே வீட்டில் பிறந்து ஒரே தெருவில் வாக்கப்பட்டவர்கள். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பதால் அவள் என்னைக் கலெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவாள். மாமா கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முதுகு போய் வீட்டோடு இருந்தார். அடுப்பு எரிவது அக்காவின் கையில்தான் இருந்தது. உப்பு வாரும் பலகையை அவள் இழுத்தால் ஆம்பளைகளே ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்குனி மாதம் கேமரா வந்தது. முதலாளி நான்கு மூலையிலும் கம்பம் நட்டு மாட்டச் சொல்லியிருந்தார். சென்னையிலிருந்து வந்த கம்பெனிக்காரர் எங்களைக் கொட்டகை நிழலில் உட்காரவைத்து விளக்கம் சொன்னார். சின்ன வயசு, நல்ல மாதிரி. எங்களையெல்லாம் அக்கா அக்கா என்றார்.

“இதுல ஏஐ இருக்குதுக்கா. ஆளுங்க யாரும் உக்காந்து உங்கள பாக்க மாட்டாங்க. மெஷினே பாத்துக்கும். யார் வேலையில இருக்காங்க, யார் இல்லன்னு மேஸ்திரி போன்ல காட்டிடும். யாராவது மயங்கி விழுந்தாக்கூடத் தெரிஞ்சிடும். உங்க சேஃப்டிக்குத்தான்.”

“நாங்க ஒதுங்கப் போனா?” என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவருக்குக் காது சிவந்துபோனது. “அது... பாத்துக்கலாம்க்கா,” என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினார். அந்தக் கேள்வியை அவர் எங்கும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. நானும் அன்றைக்குச் சிரித்தவள்தான்.

மேஸ்திரியின் போனில் ஆளுக்கு ஒரு புள்ளி. கேமராவின் பார்வைக்குள் இருந்தால் பச்சை. கொஞ்ச நேரம் காணாமல் போனால் சிவப்பு. சாயங்காலம் யாருக்குச் சிவப்பு அதிகமோ அவரைக் கூப்பிட்டு, “நாளைக்கு வேற ஆளு வெச்சிக்கிறேன்மா” என்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி வேலை மேஸ்திரிக்குப் புதிதில்லை. ஆனால் முன்பெல்லாம் அவரிடம் சண்டை போடலாம், கெஞ்சலாம், அவர் பெண்சாதியிடம் போய்ச் சொல்லலாம். இப்போது போனைத் தூக்கிக் காட்டினார். “நான் சொல்லல, இது சொல்லுது.” பெண்கள் புதர்ப் பக்கம் போனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது போல இந்த மெஷினுக்குத் திருப்பிக்கொள்ளத் தெரியவில்லை. தெரியும்படி யாரும் அதைச் செய்யவில்லை.

அக்காவை ஒருமுறை இப்படி நிறுத்தினார்கள். ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது அவள் தண்ணீரையே விட்டுவிட்டாள். பாட்டிலை நிரப்பி எடுத்து வருவாள், நிரம்பியபடியே திரும்பக் கொண்டுபோவாள்.

“ஒரு வாய் குடிக்கா.”

“குடிச்சா போவணும். போனா செவப்பு. நீ பேசாம உப்ப வாருடி கலெக்டரம்மா.”

கால் வீங்கியது. சூடு என்றாள். மூத்திரம் எரிகிறது என்று என் காதோடு சொன்னாள், அதற்கும் சூடு என்றே பேர் வைத்தாள். கொஞ்சம் வெந்தயத்தை வாயில் போட்டு வெறும் எச்சிலோடு முழுங்கினாள். நான் திட்டினேன். அவள் கேட்கவில்லை. என் மேல் அவளுக்கு எப்போதும் பயம் இருந்ததில்லை.

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பியவள் அப்படியே உப்புக் குவியல் மேல் சாய்ந்தாள். களைப்பாறுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தோம். கிட்டே போனால் கண் செருகிக் கிடந்தது, வாயோரம் உப்பு ஒட்டியிருந்தது. மேஸ்திரி ரோட்டோர டீக்கடையில் இருந்தார். போன் போட்டு அக்கா விழுந்துவிட்டாள், வண்டி வேண்டும் என்று கத்தினேன். அவர் தன் போனைப் பார்த்திருக்க வேண்டும்.

“ஏம்மா, பச்சையாத்தான காட்டுது?” என்றார்.

அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பார்வைக்குள் இருந்தாள் அல்லவா, அதனால் பச்சை.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். பல வருஷமாகவே காய்ந்து வந்திருக்கிறது, இந்தக் கோடை முடித்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். கேமராதான் காரணம் என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அப்படி எழுத முடியாதும்மா என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது நியாயம்தான்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எய்தவன் யார் என்று தேடிப் போனால் ஒவ்வொருவரும் தன்னை அம்பு என்றார்கள். முதலாளி, “நான் உப்பு விக்கிறவன், எனக்கு கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?” என்றார். கம்பெனிக்கு போன் செய்தால், “நாங்க தகவல்தான் தர்றோம், ஆளை நிறுத்துறது ஓனர் முடிவு” என்றார்கள். சர்க்கார் ஆபீசில் இருந்தவர் உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் பேசினார். “அளத்துல இப்படி ஒரு கேமரா வெக்கக் கூடாதுன்னு எங்ககிட்ட விதி இல்ல. எப்படி வெக்கணும்னும் விதி இல்ல. எந்தப் பிரிவுல எழுதட்டும், நீயே சொல்லு.” நான் பன்னிரண்டாவது படித்தவள், எனக்குப் பிரிவு தெரியுமா?

மெஷின் மேல் எனக்குப் பகை இல்லை. மழை வருகிறது என்று போன் சொல்கிறது, நாங்கள் குவியலை மூடுகிறோம். நல்லதுதான். இதை மாட்டுவதற்கு முன்னால் எங்களில் ஒருத்தியைக் கேட்டு, அவள் சொன்ன பதிலுக்குக் காது கொடுத்திருக்கலாம். யாரும் கேட்காமலேயே அக்காதான் அன்றைக்கே சொன்னாளே.

நான் கொடுத்த மனுக்களுக்குப் பலனாக அதே கம்பெனிக்காரர் மறுபடி வந்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். “இப்ப சரி பண்ணிட்டோம்க்கா. யாராவது கீழ சாஞ்சா உடனே மஞ்சள் காட்டும்.” அன்று முதல் காலில் தைத்த முள்ளை எடுக்க உட்கார்ந்தாலும் மஞ்சள். அதற்கும் மேஸ்திரி கத்துகிறார். ஒரு கழிப்பறை கட்டச் சொல்லுங்கள், கேமராவுக்கு நேர் எதிரே கட்டினாலும் பரவாயில்லை என்றேன். “அது எங்க வேலையில வராதுக்கா,” என்றார்.

அக்காவுக்கு இப்போது வாரத்தில் இரண்டு தடவை டயாலிசிஸ். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். அவளுக்கு மூத்திரம் பிரிவதில்லை. அதனால் தண்ணீர் ஏறினால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும், மூச்சு நின்றுவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருக்கிறார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்ன செம்பில் அளந்து வைத்து, மற்ற குடங்களைப் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறோம். மாமாவுக்கு மனசு இளகிவிடும். ஆகையால் அவளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவள் குளிக்கப் போனாலும் வாசலில் நிற்கிறேன், கொப்பளிக்கிற தண்ணீரை முழுங்கிவிடுவாள் என்று. கதவைச் சாத்த விடுவதில்லை.

போன வாரம் செம்பு மத்தியானத்துக்குள் காலியாகிவிட்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது என்றாள். ஒரே ஒரு வாய் கேட்டாள். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டாள். நானும் மறுபடி வேண்டாம் என்றேன். அவள் காலிச் செம்பை என் பக்கம் தள்ளினாள்.

“அந்தக் கேமரா கூட வாயத் தொறந்து வேணாம்னு சொல்லலடி. நீ சொல்ற.”

நான் தரவில்லை.