கழற்றி வைத்த சப்பாத்து

சென்ற வருடம் புரட்டாதி மாதக் கடைசி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டு மூட்டை கூட்டெரு வாங்கலாம் என்று மன்னார்த் தீவிலுள்ள தோட்டவெளியிலிருந்து பெருநிலப் பக்கத்து நிலையமொன்றுக்குப் போயிருந்தேன். ஊர்க் குப்பையைத் தரம் பிரித்து, மக்க வைத்து, பசளையாக்கி விற்கும் நிலையம் அது. எனக்கு முன்னால் நறுவிலிக்குளத்து விவசாயி ஒருவர் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை இயங்கவிட்டபடி நின்றார். அதன் இழுவைப் பெட்டி நிறையப் பசளை ஏற்றியாயிற்று. மழைக்கு முன் அதை வயலில் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வைக்கு அரசாங்க உத்தியோகத்தர் வந்திறங்கினார். இளம் பெண், எல்லோருக்கும் ‘மிஸ்’. தான் பார்த்து முடிக்கும்வரை ஒரு மூட்டையும் வெளியே போகக்கூடாது என்றார்.

“மழை உங்களிட்டக் கேட்டே வரும், மிஸ்?” என்றார் விவசாயி.

மிஸ் சிரித்தார். “ஐயா, வயலுக்க செருப்போடயோ இறங்குவியள்?”

“சேத்துக்க ஆர் செருப்புப் போடுறது? வெறுங்கால்தான்.”

மிஸ் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நிலத்தில் பரப்பியிருந்த பசளையை நோக்கி நடந்தார். பெட்டியில் ஏற்றியிருந்ததும் அதே பசளைதான்.

அதுவரை “எல்லாம் வடிவா அரிச்சது, மிஸ்” என்று சொல்லிக்கொண்டிருந்த நிலையப் பொறுப்பாளர் ஓடிவந்து குறுக்கே நின்றார். “வேண்டாம் மிஸ். உடைஞ்ச போத்தல் ஓடு கிடக்கும், காலை வெட்டிப்போடும்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

விவசாயி எஞ்சினை நிறுத்தினார். “மிஸ்ஸின்ர காலை வெட்டுமாம். என்ர கால் என்ன, இரும்பே?”

பசளை அரிக்கும் அரிதட்டு கிழிந்து கிடப்பதையும், புதியது கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டதையும் பொறுப்பாளர் மெல்லச் சொன்னார். மிஸ் விற்பனையை நிறுத்தினார். அரிதட்டுக்காக அங்கிருந்தே கந்தோருக்குப் போன் எடுத்தார்.

பெட்டியிலிருந்த பசளையை விவசாயியே மண்வெட்டியால் இறக்கினார். “இனி மழை வந்தா வரட்டும்” என்றார். நானும் வெறும் சாக்குகளோடு திரும்பினேன். மன்னார்ப் பாலத்துக்கு வரும்போதே தூறத் தொடங்கிவிட்டது. விதைப்புக்கு முன் அவருக்குப் பசளை கிடைத்ததா என்று இன்றுவரை தெரியாது.

அந்தப் போத்தல் ஓடுகள் எங்கள் வீடு போன்ற வீடுகளின் குப்பையோடு போனவைதானே. இப்போது வீட்டில் ஒரு கிளாஸ் உடைந்தாலும் குப்பை வாளிக்கு முன்னால் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். நறுவிலிக்குளத்துச் சேற்றில் இறங்கும் அந்தக் கால்கள் எனக்குத் தெரிந்த கால்கள் ஆகிவிட்டன.