எங்கள் வீட்டுக்குத் தெர்மாஸ்டாட் வந்த நாள்

மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் திருவொற்றியூரில் எங்கள் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். அந்த வாடை பட்டால் எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். சாத்திய அறைக்குள் நான் வெந்துபோகாமல் தூங்க வேண்டும் என்றுதான் அப்பா எங்கிருந்தோ ஒரு பழைய ஏசியைக் கொண்டுவந்து மாட்டினார். அதுவோ ஓடத் தொடங்கினால் நிற்காது. அறை ஐஸ்பெட்டியாகி, குளிரிலும் எனக்கு மூச்சு இழுக்கும்.

குளிர் அளவானதும் ஏசியை நிறுத்தும் தெர்மாஸ்டாட் போய்விட்டது, வேறு வாங்கி வையுங்கள் என்று மெக்கானிக் பாய் போனில் சொன்னார். அம்மா காதில் பாதிதான் விழுந்தது. கடை கடையாகப் பார்த்து, சிவப்பு நிறத்தில் ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க் வாங்கி வைத்துவிட்டார். மறுநாள் வந்த பாய் ஃபிளாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலேயே டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்துவிட்டு, தன் பையிலிருந்து இரண்டு தெர்மாஸ்டாட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று திருகு வைத்தது, இன்னொன்று எண் காட்டுவது.

"நம்பர் கீறதையே போடு பாய். இருபத்தாறுக்குக் கீழ வெக்காதன்னு டாக்டர் சொல்லிகீறாரு," என்றார் அம்மா.

அப்பாவுக்குக் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க ஐஸ் பாளங்களை இழுத்து அடுக்குபவர். குளிரைப் பற்றி அவருக்குத் தெரியாததா என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் பாய், இதுல சூடு வெக்கிற மாரி எதுனா கீதா?" என்று கேட்டார்.

"மெட்ராஸ்ல இன்னாத்துக்கு நைனா சூடு? வாசல்ல போய் நின்னா சும்மாவே கெடைக்கும்," என்றார் பாய்.

வீடே சிரித்தது, நான்தான் அதிகம் சிரித்தேன். அப்பாவும் சிரித்துவிட்டு, எண் காட்டுவதையே மாட்டச் சொன்னார்.

அதன்பிறகு குளிர் இருபத்தாறில் சொன்ன பேச்சு கேட்டு நின்றது. நானும் இழுப்பில்லாமல் தூங்கினேன், அப்பா பக்கத்தில் படுத்தால் மட்டும். அவர் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டி, விரல்களைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வந்து படுப்பார். ஏசி வந்ததும் அப்பாவுக்கு ஊட்டிக்காரர் நினைப்பு என்று கேலி செய்வேன். ஐஸ் கம்பெனிக்காரருக்குக் குளிர் என்றால் கொள்ளை ஆசை என்றே நம்பியிருந்தேன்.

இன்று நான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன் என்றால் அது அவர் தந்தது. எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. பகலெல்லாம் குளிரில் நின்ற மனிதர், வீட்டுக்கு வந்தாவது கொஞ்சம் வேர்க்காதா என்று ஏங்கியிருப்பார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.