மாலை போட்ட படத்தின் குரல்

இரண்டு வருடங்களுக்கு முந்திய மார்கழி மாதம். லண்டனில், நோர்பரியில் தனியே இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. எண்பது வயதைக் கடந்தவர். தொண்டையில் செய்த ஆபரேஷனோடு குரல் போய்விட்டது, மூச்சுக்காற்றாலேதான் பேசுவார். பத்தாம் வகுப்பையும் முடிக்காத என் இங்கிலீஷுக்கு அது விளங்க, வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டு நடையில் ஒரு பழைய படம். கொண்டையை உயரத் தூக்கிக் கட்டிய இளம்பெண் மைக் முன்னால் நிற்கிறாள். சட்டத்தில் நிறம் போன கடதாசிப் பூமாலை. மாலை போட்ட படமென்றால் நமக்கு வேறு அர்த்தம் உண்டா? தங்கச்சியாக இருக்கும், சாகிற வயதா இது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் அழுதுவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவுமில்லை. அதைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன்.

அன்று பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. என்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்து உள்ளே போனால் ஒரு லைட்டும் போட்டிருக்கவில்லை. அவர் எப்போதும் உட்காரும் கதிரை வெறுமையாக இருந்தது. மேல்மாடியில் ஓர் இளம்பெண் பாடிக்கொண்டிருந்தாள். கிட்டாரோடு, பழைய காலத்து மெட்டு. பாட்டு முடிந்தது. மறுபடி அதே பாட்டு, முதலிலிருந்து. ரேடியோ என்றால் ஒரே பாட்டையா திரும்பத் திரும்பப் போடும்?

கூப்பிட்டுப் பார்த்தேன். அவருக்குத்தான் குரல் இல்லையே. கண் தானாகப் படத்துக்குப் போனது. அந்தப் பெண்ணின் வாய் சற்றே திறந்திருந்தது. கணவருக்குப் போன் எடுத்தேன்.

“இஞ்சேருங்கோ, மேல ஒரு பெட்டை பாடுறாள். அந்த மாலை போட்ட படத்தில இருக்கிறவள்தான்!”

“பேய் இங்கிலீஷிலயோ பாடுது? போன கிழமை பிரிட்ஜ் சத்தத்துக்கும் இப்பிடித்தான் போன் எடுத்தனீர்.” சிரித்தார். பிறகு, “சரி, வெளியில வந்து நில்லும். உம்மட வேலை ஒஃபிசுக்குப் போன் அடியும்” என்றார்.

வாசல்வரை வந்துவிட்டேன். பாட்டு ஓய்ந்த இடைவெளியில் மேலே தரையில் டொக், டொக் என்று யாரோ தட்டினார்கள். மறுபடி பாட்டு. பேயைப் பற்றிய பயம் ஒருபக்கம். அந்த அம்மாவுக்கு ஏதும் நடந்திருந்தால் என்ற பயம் மறுபக்கம். இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. முருகா, முருகா என்றபடி படியேறினேன்.

கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அவர் விழுந்து கிடந்தார். ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது. உதடுகள் நீலம். ஒரு கை, பக்கத்து முக்காலியில் சுழன்றுகொண்டிருந்த இசைத்தட்டின் ஊசியை எட்டி மறுபடி தொடக்கத்தில் வைத்தது; மறு கை தரையைத் தட்டியது.

அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன். அது வரும்வரை அவரை நித்திரையாக விடாதே என்று போனில் சொன்னார்கள். போர்வையால் மூடிவிட்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று, பாடுவது யார் எனக் கேட்டேன்.

“நான்தான்” என்றது அந்த மூச்சு. அறுபதுகளின் தொடக்கத்தில் நாடே முணுமுணுத்த பாட்டாம். அது பாட்டு வரிசையில் முதலிடத்துக்கு வந்த அன்று ரசிகர்கள் தனக்குப் போட்ட மாலைதான் படத்தில் இருக்கிறதாம்.

எங்கள் ஆட்கள் செத்தவர்களின் படத்துக்குத்தான் மாலை போடுவார்கள் என்று உளறிவிட்டேன். அவர் சத்தமே இல்லாமல் சிரித்தார்.

“நீ நினைத்தது சரிதான். அவள் போய்க் கன காலம். இன்றைக்கு எனக்காக உன்னைக் கூப்பிட வந்தாள்.”

அவர் பிழைத்துக்கொண்டார். கணவர் இன்னும் பகிடி பண்ணுகிறார். நானோ மாலை போட்ட எந்தப் படத்தைக் கண்டாலும் இப்போது தலையைக் குனிவதில்லை. அது ஏதும் சொல்கிறதா என்று ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.