நாடா கட்டும் இடத்தில் ஒரு புண்

எங்கள் வீட்டு மாட்டுக்கு வரப்போரம் புல் அறுப்பது என் ஓரகத்தி செல்விதான். போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உத்திரமேரூரில் ஊசி போட்டும் ஒரு வாரமாக இறங்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டபோது, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்தில், பீடியால் சுட்டது போல் கருப்பாக ஒரு புண்ணைப் பார்த்தேன்.

"நாடா அறுத்த புண்ணுதான், அக்கா. வலியே இல்ல, வுடு" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பயந்துபோய்க் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "உடம்புல எங்கயாவது கருகின மாதிரி புண் இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார். பக்கத்தில் ஆண்கள் நின்றதால் செல்வி இல்லை என்று தலையாட்டினாள்.

"இன்னாடி இல்லன்ற? இடுப்புல கீதே!" என்று கத்திவிட்டேன்.

டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். புல் புதரில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வரும் காய்ச்சலாம். கடித்த இடம் வலிக்காதாம். மருந்தை மாற்றியதும் காய்ச்சல் இறங்கியது.

இப்போது யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், கதவைச் சாத்தி அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு வரை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறோம். செல்வி இன்னமும் நெளிவாள்.

"கடிச்ச பூச்சிக்கே கூச்சமில்ல, உனக்கு இன்னாடி?" என்பேன்.