உப்புப் பார்க்கிறவர்

பலாபத்வலையில் மிளகு வாங்கி விற்றே எழுபது வயதைத் தாண்டியவர் சாலிஹ் நானா. கடையை மகனிடம் கொடுத்த பிறகு அவருக்கு ஒரே வேலை, சும்மா இருப்பது. அதில் மனிதர் கெட்டிக்காரர் இல்லை. பள்ளிவாசலே கதி என்று கிடந்தார்.

இந்த வருஷ நோன்பு அவரை ஆட்டி வைத்துவிட்டது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு முற்றி, நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கமே விலக்குத் தந்திருக்கிறது. இருந்தாலும் நானாவுக்கு வெட்கம். மகள் றுக்ஸானா கதவைச் சாத்திவிட்டுத்தான் பகல் சோறு கொடுப்பாள். சாப்பிட்டு, வாயைத் துடைத்து, பசித்த முகத்தோடு பள்ளிக்குப் போவார். பாவம், நடிப்பும் அவருக்குச் சரியாக வராது.

பள்ளிக் குசினியில் கஞ்சி காய்ச்சுவது பாறூக். ஊரில் பாதி வீடுகள் நோன்பு திறப்பது அந்தக் கஞ்சியில்தான். ஒருநாள் பாறூக் உப்புப் போட்டுவிட்டுத் தொழப் போனான். அவன் மறந்துவிட்டானாக்கும் என்று துணைக்கு நின்ற அன்ஸாபும் போட்டான். நாக்கில் வைத்துப் பார்க்க இருவருக்கும் பயம், இருவரும் நோன்பாளிகள். அன்று மஃரிபுக்கு நோன்பு திறந்தபோது ஊரே முகம் சுளித்தது. கஞ்சியை நம்பியிருந்த வீடுகளில் பிள்ளைகள் அழுதார்கள்.

அது நானாவின் நெஞ்சில் தைத்தது. அடுத்த நாள் குசினி வாசலில் வெகுநேரம் நின்றார். உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் கஞ்சி போகும்.

"பாறூக், ஒரு கோப்பையில ஊத்து. எனக்கு நோம்பு இல்ல. சீனி வருத்தம்."

எல்லோரும் திரும்பினார்கள். பாறூக் வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"அல்ஹம்துலில்லாஹ்! இத முந்தியே சொல்லியிருக்கலாமே நானா. ஊர் தப்பியிருக்குமே!"

குசினியே சிரித்தது. நானா ஊதி ஊதிக் குடித்தார். கண் கலங்கியது. கஞ்சி சூடு என்று சொல்லிக்கொண்டார்.

"உப்பு இன்னும் கொஞ்சம் போடு," என்றார்.

அன்றிலிருந்து அவர் சொல்லாமல் சட்டி இறங்காது. நண்பகல் லுஹர் தொழுததும் குசினிக்கு நடக்கிற நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

சில நாள் கழித்து ஜுனைத் ஹாஜியார் குசினிப் பக்கம் வந்தார். நானாவை விட மூத்தவர், நோன்பு விஷயத்தில் ஊரையே அதட்டுகிறவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சாலிஹ், ஒரு ஆள் பாத்து உப்புச் சரியாத் தெரியுமா? நானும் பாக்கட்டா?"

நானா குசினிக் கதவைச் சாத்தினார். இன்னொரு கோப்பையை எடுத்து நிறைய ஊற்றினார்.