சீந்தில் கசாயமும் என் சிறுநீரகமும்

செருப்பு வார் பதிந்த தடம் அவர் வீங்கிய காலில் மதியமாகியும் மறையவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். என் இடது சிறுநீரகம் அவர் உடம்புக்குள் போய் அப்போது ஏழு மாதம்.

"வெயிலுக்கு அப்பிடித்தான் இருக்கும் அம்மணி" என்றார் என் கணவர். எதையும் ஒன்றுமில்லை என்பது அவர் சுபாவம். நானோ ஒன்றுமில்லாததையும் பெரிதாக்குகிறவள். அன்றைக்கு என் குணம்தான் உதவியது. போத்தனூரிலிருந்து ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன்.

கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இரண்டு மடங்காகியிருந்தது. பயாப்ஸி (ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்தார்.

"ரிஜெக்‌ஷன் ஆரம்பிச்சிருக்குங்க."

என் சிறுநீரகத்தை அவர் உடம்பு அந்நியமென்று கண்டு தாக்குகிறது என்று பொருள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவள் அந்நியமா?

"மாத்திரை விட்டுப்போச்சுங்களா? வேற மருந்து, நாட்டு மருந்து ஏதாச்சும்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "சம்பந்தி கசாயம் குடுத்தாருங்க."

தொண்டாமுத்தூரில் எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சம்பந்தி தங்கமான மனிதர். தோட்டத்து வேலியில் படர்ந்த சீந்தில் கொடியைத் தன் கையாலேயே இடித்துக் காய்ச்சி, 'எதிர்ப்பு சக்தி ஏறுமுங்க' என்று பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் இவர் அதைத் தன் லேத் பட்டறையில் வைத்துக்கொண்டு ஐந்து வாரமாகத் தினமும் குடித்திருக்கிறார்.

"ஏனுங்க, உங்களுக்கு வாயில்லீங்களா? வேண்டாம்னு சொல்ல மாட்டீங்களா?"

"பொண்ணு குடுத்த எடத்துல எப்பிடி அம்மணி வேண்டாங்கறது?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். உயிர் போனாலும் மரியாதை போகக் கூடாது.

"கசாயத்தாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா நாங்க மாத்திரை குடுத்து அடக்கி வெக்கற சக்தியை அது தூண்டி உட்டிருக்கலாம்." பிறகு ஒரு தாளில் கிளைகிளையாக எதையோ வரைந்தார். டெண்ட்ரைடிக் செல் (கிளை விட்டாற்போன்ற வடிவமுள்ள நோய் எதிர்ப்பு அணு) என்றார்.

"இது நேரா சண்டைக்குப் போகாதுங்க. தோல், குடல், நுரையீரல்னு வாசல் வாசலா நிக்கும். புதுசா ஏதாச்சும் வந்தா ஒரு துணுக்கை எடுத்துக்கிட்டு, நெறி கட்டுற எடம் இருக்குதில்லீங்களா, அங்க போயி சண்டை போடற செல்லுக்குக் காட்டும்."

"காட்டாம இருந்தா என்னங்க?"

"கிருமி வந்தாலும் தெரியாது. புத்துநோய் வந்தாலும் தெரியாது. அது வேணுமுங்க." தாளை என் பக்கம் திருப்பி வைத்துச் சொன்னார்: "உங்க கிட்னியோட உங்க செல்லும் கொஞ்சம் அவருக்குள்ள போயிருக்கும். இது வேத்தாளுதுன்னு அவரு ஒடம்புக்கு மொதல்ல காட்டுனதே அதுகளா இருக்கலாம்."

என் கோபம் அங்கே கொஞ்சம் தணிந்தது. அவர் உடம்பின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். என் ஆட்களும் அதில் கூட்டு.

மூன்று நாள் ஸ்டீராய்டு (எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து) நரம்பில் ஏற்றினார்கள். மூன்று நாளும் வராந்தாவில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் டயாலிசிஸ் என்றால் அவர் தாங்குவாரா என்று பயமாக இருந்தது. கொடுக்க என்னிடம் இன்னொன்றும் இல்லை.

இரண்டாம் நாள் சம்பந்தி வந்தார். அவரைத் திட்டுவதற்கு நிறைய எடுத்து வைத்திருந்தேன். "நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சுபோட்டேனுங்க" என்று கைகூப்பி அழுதார். அவரும் என்னைப் போல, இவர் பிழைக்கட்டும் என்று கொடுத்தவர்தானே. பக்கத்து நாற்காலியைக் காட்டினேன்.

கிரியேட்டினின் இறங்கியது, பழைய அளவுக்கு வரவில்லை. உள்ளே தழும்பு விழுந்துவிட்டது, எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்ல முடியாது என்றார்கள். இப்போது எங்களுக்கு வருஷக் கணக்கு கிடையாது. மாத்திரைக்குக் காலை ஒன்பது, இரவு ஒன்பது, அவ்வளவுதான் நாள்.

மாற்று உறுப்போடு உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால் ஒன்று சொல்வேன். சக்தி ஏறும் என்று யார் எதைக் கொடுத்தாலும் டாக்டரைக் கேளுங்கள். கொடுப்பவர் வேண்டியவராக இருந்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

போன மாதம் பேத்திக்குத் தொண்டாமுத்தூரில் காதுகுத்து. காலையிலேயே உறவுக்காரர் ஒருவர் ஏதோ பொடி கலக்கிய டம்ளரை இவரிடம் நீட்டினார். நான் எழுவதற்குள் இவரே கைகூப்பிவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. உள்ள இருக்கறது என்னுது இல்லீங்க, அம்மணியுது. அவளைக் கேக்காம ஒண்ணும் குடிக்கறதில்லீங்க."

என் கை தானாக இடது விலாவுக்குக் கீழே போனது. அங்கே தழும்பு மட்டும்தான் இருக்கிறது. மணியைப் பார்த்தேன், ஒன்பது. மாத்திரையை எடுத்து நீட்டினேன். என்ன ஏதென்று கேட்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.