பூனைக்கடிக்கு ஷூப் பசை

இருபத்தாறு வருடமாக ஊரார் ஷூக்களுக்கு அடி ஒட்டித் தைத்துக் கொடுப்பவர் அவர். வீட்டின் முன்னறைதான் கடை. கத்தி கையைக் கீறினால் துடைத்துவிட்டு ஒரு சொட்டு ஷூப் பசை வைத்து அமுக்குவார். காயம் வாயை மூடிக்கொள்ளும், வேலையும் நிற்காது. மனைவி எவ்வளவு திட்டினாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒருநாள் பழுதுக்கு வந்த நீளமான பூட்ஸுக்குள் கையை விட்டார். உள்ளே வீட்டுப் பூனை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பதறிய பூனை வலது கட்டைவிரலைக் கவ்விவிட்டது. பார்த்தால் இரண்டே இரண்டு புள்ளிகள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை மனிதர் மறந்துபோனார். புள்ளிக்கு ஒரு சொட்டாகப் பசையை வைத்துவிட்டு பூட்ஸைத் தைக்க உட்கார்ந்தார்.

சாயங்காலம் விரல் வீங்கியது. விடிந்தபோது மணிக்கட்டு வரை சிவந்திருந்தது. குத்தூசியைப் பிடிக்கவே முடியவில்லை. கட்டைவிரல் இல்லாமல் தோலில் எப்படி ஊசி இறக்குவது? முதல்முறையாக அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“மேல என்னங்க பளபளன்னு?”

“பசைங்க. ஷூ ஒட்டுறது. நல்ல சரக்குதான் டாக்டர்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“பூனைப் பல்லு ஊசி மாதிரி” என்றார் டாக்டரம்மா. “ கிருமியை ஆழத்துல இறக்கிடும். நீங்க அதை உள்ள வெச்சுக் கதவையும் சாத்திட்டீங்க. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில நல்லாக் கழுவிட்டு நேத்தே வந்திருக்கணும்.”

“விரல் பழையபடி மடங்குமா டாக்டர்?”

“மூட்டு வரைக்கும் போகாம இருந்தா மடங்கும். இப்ப சொல்ல முடியாது.”

கீறிச் சீழை எடுத்தார்கள். நரம்பில் மருந்து ஏறியது. தடுப்பூசிகளும் போட்டார்கள். மூன்று நாள் மனைவிதான் ஊட்டிவிட்டாள், வாய்க்கு வாய் ஒரு திட்டோடு.

நான்காம் நாள் டாக்டரம்மா மடக்கிக் காட்டச் சொன்னார். விரல் தயங்கித் தயங்கி மடங்கிச் சுண்டுவிரலின் அடியைத் தொட்டது. எதற்கும் கிண்டலடிக்கிற மனிதர் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

“பூனையை என்ன பண்ணப் போறீங்க?” என்றார் டாக்டரம்மா.

“அது தூக்கத்துல பயந்து கடிச்சுது. பசையை வெச்சு மூடினவன் நான்தானே டாக்டர்?”

திரும்பும் பேருந்தில் வழிநெடுக விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“போதுங்க, எல்லாரும் பாக்குறாங்க” என்று மனைவி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் கட்டைவிரலை மடக்கி அவள் கையை இறுக்கிப் பிடித்தார். வலித்தது. விடவில்லை.